இரண்டு கைகளுக்கு இரண்டு அளவு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு வருடத்துக்கும் மேலாக மாலை நேரத்தில் காய்ச்சல் வந்து வந்து போனது. டைபாய்டு என்று இரண்டு முறை மருந்து சாப்பிட்டேன். எடை ஆறு கிலோ குறைந்தது.
2. இடது கை குளிர்ந்துபோனது. அதை எனக்குக் கிடைத்த வசதி என்று நினைத்தேன்.
3. தொழிற்சாலை மருந்தகத்தில் இரத்த அழுத்தம் குறைவு என்றார்கள். சாப்பாட்டில் உப்பைக் கூட்டிக்கொண்டேன்.
4. புனேயில் மூன்று மாதப் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம் வந்தது. என் பெயரைப் போட்டார்கள்.
5. கிளம்பப் பதினோரு நாள் இருக்கும்போது வேலை நேரத்தில் மயங்கி விழுந்தேன்.
6. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் என் வலது கையில் அளந்து பார்த்தார்.
7. பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருபத்து மூன்று நாள் படுத்திருந்தேன்.
8. என் இடத்தில் ஷமீம் புனேக்குப் போனாள்.

எட்டாவதைத்தான் முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு வரிசைப்படி எழுதினேன். நோயைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு ஷமீமைப் பற்றித்தான் எழுத வருகிறது. இரண்டையும் பிரிக்க முயன்றேன், முடியவில்லை. சேர்த்தே எழுதுகிறேன்.

ஷமீமும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிப்காட்டில், டிராக்டர்களுக்கும் டிப்பர் லாரிகளுக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் செய்கிற தொழிற்சாலை. இருவரும் டிப்ளமோ மெக்கானிக்கல். இருவருக்கும் அளவு அறையில் வேலை. சிலிண்டராகப் போகிற இரும்புக் குழாய்களின் உள்விட்டத்தை அளந்து, சரி என்றால் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய அத்தாவுக்கு ஓசூர் பஜாரில் இரும்புச் சாமான் கடை. என் அப்பா உத்தனப்பள்ளியில் தக்காளியும் ராகியும் போடுகிறவர். அவள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள். நான் ராயக்கோட்டை ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நிற்பேன். அவளுக்குக் கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் வரும். மேலாளரிடம் இங்கிலீஷில் தயங்காமல் பேசுவாள். அவள் தலைமுடி இடுப்புக்குக் கீழே தொங்கும். இவற்றையெல்லாம் நான் முதல் மாதத்திலேயே மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அவளிடம் இல்லாதது என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அது என் இடது கை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அளவு அறையை எப்போதும் இருபது டிகிரியில் வைத்திருப்போம். மற்ற கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஸ்லிப் கேஜ் என்று ஒன்று உண்டு. கண்ணாடிபோல் தேய்த்த சின்ன எஃகுக் கட்டைகள். கைச்சூடு பட்டால் அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கருவிக்குத் தெரியும். ஆகவே உறை போட்டு எடுக்க வேண்டும், வைத்த பிறகு சூடு இறங்கக் காத்திருக்க வேண்டும். உறை போட்டால் கட்டை வழுக்கும். என் இடது கையில் எடுத்தால் உறையும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். கட்டை நீளவே நீளாது. நான்கு மாதமாக இதைக் கவனித்து, ஸ்லிப் கேஜை எப்போதும் இடது கையாலேயே எடுக்கப் பழகியிருந்தேன்.

ஒருநாள் ஷமீம் என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னா டீ இது, பிரிட்ஜுல வெச்சு எடுத்துக்கினு வந்தியா?"

"ஏன், பொறாமையா இருக்குதா?"

"ஆமா, பொறாமைதான். நான் ஒண்ணு முடிக்கறதுக்குள்ள நீ மூணு முடிச்சுடறே. அந்தக் கையை எனக்கு வாடகைக்குக் குடு."

அவள் வாயிலிருந்து வந்த பொறாமை என்ற அந்தச் சொல் எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது. மேலாளர் வேங்கடேசன் சார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "வளர்மதி எடுத்த அளவு மட்டும் ஆடவே மாட்டேங்குது" என்றார். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அளவு இயந்திரம் வரப்போவதாகவும், அதற்குப் பயிற்சி எடுக்க ஒருவரைப் புனேக்கு அனுப்பப்போவதாகவும் பேச்சு வந்தபோது, அவர் என் பெயரை எழுதினார். அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கண்ணாடி போட்ட தனி அறை, மேற்பார்வையாளர் கிரேடு. ஷமீம் எனக்குக் கை கொடுத்தாள். வலது கையைக் கொடுத்தேன்.

தலை பின்னும்போது இடது கை பாதியிலேயே ஓய்ந்து விழுவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தங்கை செல்வியைப் பின்னிவிடச் சொன்னேன். பயிற்சிக்குப் போகிறவர் உடல்தகுதிச் சீட்டு வாங்க வேண்டும். அது கெட்டுவிடக் கூடாது.

சீட்டு கெடவில்லை. எங்கள் மருந்தகம் ஒரு சின்ன அறை. பாதரச அழுத்தமானியைச் சுவரோடு ஒரு பலகையில் திருகிப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்தால் இடது கைதான் பலகைக்கு எட்டும். வலது பக்கம் மருந்து பீரோ. நானூறு பேருக்கும் வருடக்கணக்காக இடது கையில்தான் அளந்தார்கள். கம்பவுண்டர் முனிராஜ் அண்ணன் என் கையில் பட்டையைச் சுற்றி, காதில் குழாயை மாட்டி, வெகு நேரம் கேட்பார்.

"தொண்ணூறு, அறுபது. சத்தமே வரல மா. லோ பிபி. மோர்ல உப்பு நெறைய போட்டுக் குடி. ஊறுகா சாப்புடு."

"சீட்டுல என்னா எழுதுவீங்க?"

"ஃபிட்டுன்னுதான். பொம்பளப் பிள்ளைங்களுக்கு இது சகஜம்."

நான் உப்புப் போட்டு மோர் குடித்தேன். அம்மா மாங்காய் ஊறுகாயைத் தனியாக ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தாள். உணவு இடைவேளையில் ஷமீம் கேட்டால் ஒரு துண்டுக்கு மேல் கொடுக்கமாட்டேன்.

ஒரு குழாயின் உள்விட்டத்தை ஓர் இடத்தில் மட்டும் அளந்து கையெழுத்துப் போட்டால் எங்களை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். மூன்று ஆழத்தில், ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு திசையில், மொத்தம் ஆறு அளவு எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது குழாய்க்கு அப்படி எடுத்தேன். என் உடம்பை மட்டும் ஓர் இடத்தில் அளந்ததை ஒப்புக்கொண்டேன்.

மயங்கி விழுந்த அன்று அளவு மேசையின் கருங்கல் பரப்பை இடது கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தேன். பார்வை ஓரங்களிலிருந்து கருத்துக்கொண்டு வந்தது. கண் விழித்தபோது என் தலை ஷமீமின் மடியில் இருந்தது. "லோ பிபி சார் இவளுக்கு, உப்பு கொண்டாங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முனிராஜ் அண்ணன் அன்று விடுப்பு. ஆகவே ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த டாக்டரிடம் கூட்டிப்போனாள். அங்கே மேசை என் வலது பக்கம் இருந்தது. வலது கை.

அவர் ஒருமுறை அளந்தார். பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தார்.

"உனக்கு எத்தனை வயசும்மா?"

"இருபத்து நாலு."

"நூத்தி எண்பத்தாறு, நூத்திப் பத்து இருக்கு."

"இருக்காது சார்" என்றேன். "எனக்கு லோ பிபி. உங்க கருவியை எப்ப சோதிச்சீங்க?"

ஷமீம் என் தோளைக் கிள்ளினாள். டாக்டர் கோபித்துக்கொள்ளாமல் அதே கருவியை இடது கையில் சுற்றினார். தொண்ணூற்றிரண்டு, அறுபது. பிறகு என் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வலது கையில் மட்டும் அவர் விரல் துடித்தது. இடது கையில் நாடி இல்லை. பெங்களூருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அப்பா அத்திப்பள்ளி தாண்டியதும் என் இடது கையை எடுத்துத் தன் துண்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். "சூடு ஏறுதாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். ஏறுகிறது என்று சொன்னேன். ஏறவில்லை.

பெண்கள் வார்டில் எனக்குப் பதினான்காம் எண் படுக்கை. பதினைந்தில் ஆனேக்கல்லிலிருந்து வந்த கௌரம்மா என்ற பெரியவள், இதய வால்வில் கோளாறு. பன்னிரண்டில் இருந்த பெண் இரண்டு நாளில் வீட்டுக்குப் போனாள், பதின்மூன்றில் இருந்தவள் நான்கு நாளில். எழுந்து, சேலை மாற்றி, பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களையெல்லாம் நான் படுத்தபடி பார்த்தேன். பையை அவர்கள் எந்தக் கையில் தூக்குகிறார்கள் என்றும் பார்த்தேன்.

என் நோய்க்கு ஒரு ஜப்பானிய டாக்டரின் பெயர் உண்டு. வார்டில் அதை யாரும் சொல்லவில்லை. நாடி இல்லாத நோய் என்றார்கள். இளம்பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வருமாம். எனக்கு அதை விளக்கியவர் டாக்டர் லலிதா, அங்கே மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப்பெண். என்னைவிட நான்கைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். அவருடைய நடையையும் கழுத்தில் தொங்கிய குழாயையும் பார்த்து எனக்கு அவர்மேலும் பொறாமை வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு முழுதாகாது.

"உங்க ரத்தக்குழாய் சுருங்கிப் போயிருக்கு" என்றார். "இடது கைக்குப் போற பெரிய குழாய், அப்புறம் ஒரு கிட்னிக்குப் போற குழாய்."

"உள்ள ஏதாவது படிஞ்சிருக்கா? தண்ணிக் குழாயில உப்பு படியற மாதிரி?"

"படியல. குழாயோட சுவரே வீங்கியிருக்கு. அடிபட்டா கை சிவந்து, சூடாகி, வீங்குதில்ல? அது அழற்சி. உடம்பு தன்னைக் காப்பாத்திக்கச் செய்யற வேலை. உங்களுக்கு அந்த வேலை காரணமே இல்லாம குழாய்ச் சுவருக்குள்ள நடக்குது. வெளிய இருந்து வந்த எதிரின்னு நினைச்சு, உடம்பு தன்னோட சுவரையே தாக்குது. சுவர் தடிச்சா உள்ள வழி குறையும்."

"வெளிவிட்டம் கூடாதா? உள்விட்டம் மட்டும் குறையுமா?"

அவர் குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்தார். "என்ன படிச்சிருக்கீங்க?"

"டிப்ளமோ மெக்கானிக்கல்."

"ரெண்டும் நடக்கும். உள்பக்கம்தான் நமக்குப் பிரச்சினை."

அதன்பின் அவர் என்னிடம் பேசுகிற விதம் மாறியது. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மாலைக் காய்ச்சல் டைபாய்டு அல்ல. சுவரில் அழற்சி தொடங்கியதன் அடையாளம். கிட்னிக்கு ரத்தம் குறைவாகப் போவதால், உடம்பில் அழுத்தமே குறைந்துவிட்டது என்று கிட்னி தவறாக நினைத்துக்கொண்டு, மொத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். இடது கைக்கு அந்த அழுத்தம் போய்ச் சேருவதில்லை, அதனால் அங்கே குறைவாகக் காட்டும். நான் குடித்த உப்பு மோரெல்லாம் எரிகிற இடத்தில் எண்ணெய். மயங்கி விழுந்ததற்கும் காரணம் இருந்தது. துடைக்கும்போது இடது கைக்கு ரத்தம் போதவில்லை. மூளைக்குப் போகிற குழாயிலிருந்து திருப்பி இழுத்துக்கொண்டது. இதற்கு மருத்துவத்தில் திருட்டு என்றே பெயராம்.

வயதானவர்களுக்கு வருகிற மாரடைப்பிலும் கொழுப்பு மட்டும் காரணமில்லை, சுவரில் நடக்கிற அழற்சிக்கும் பங்கு இருக்கும் என்று இப்போது பலர் ஆராய்ந்து வருவதாகவும் சொன்னார். "குழாய்னா சும்மா கிடக்கிற பைப்புன்னு நினைச்சோம். அதுவும் உயிருள்ள சதைதானே" என்றார்.

பரிசோதனைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று ஈ.எஸ்.ஆர். ரத்தத்தை எடுத்து, அளவுக்கோடு போட்ட ஒல்லியான கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைப்பார்கள். சிவப்பு அணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். உடம்பில் எங்கோ அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். எங்கே என்று சொல்லாது, எவ்வளவு என்று ஓரளவு சொல்லும். எனக்கு எண்பத்து நான்கு. இருபதுக்குள் இருக்க வேண்டும். இந்தப் பரிசோதனை எனக்குப் பிடித்திருந்தது. குழாய், கோடு, ஒரு மணி நேரம், ஏமாற்ற இடமில்லை.

மற்றொன்று ஆஞ்சியோகிராம். தொடையில் ஊசி போட்டு, ஒரு மெல்லிய குழலை உள்ளே செலுத்தி, மருந்தைப் பீய்ச்சி எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து போகும்போது நெஞ்சிலிருந்து பாதம்வரை வெந்நீர் ஊற்றியதுபோல் இருந்தது. கத்துவேன் என்று நினைத்தேன். பற்களைக் கடித்துக்கொண்டு நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்தேன். பிறகு படத்தைக் காட்டினார்கள். வலது பக்கக் குழாய் ஒரே சீராகப் போயிற்று. இடது பக்கக் குழாய் சீவிய பென்சில் முனைபோல் ஒடுங்கி, கொஞ்ச தூரம் காணாமலே போயிற்று. என் மேசைக்கு வந்திருந்தால் பார்த்தவுடன் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கியிருப்பேன்.

"அறுத்து மாத்த முடியாதா?"

"இப்ப முடியாது. சுவர் சூடா இருக்கும்போது கை வெச்சா, வெச்ச இடத்துலயும் வீங்கி அடைச்சுக்கும். முதல்ல அழற்சியை அணைக்கணும்" என்றார். அணைப்பதற்கு ஸ்டீராய்டு மாத்திரை. காலையில் எட்டு, ஒரே வாயில். திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். உப்பு அறவே குறைய வேண்டும்.

காலைகளில் மாணவர்கள் வருவார்கள். அரிதான நோய் என்பதால் என்னைச் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொருவராக என் இடது மணிக்கட்டைப் பிடித்து, நாடி தேடி, கிடைக்காமல், கிடைக்கவில்லை என்பதில் ஒரு திருப்தியோடு விடுவார்கள். ஒருநாள் பன்னிரண்டு பேர். அவர்கள் போன பிறகு கௌரம்மா என்னைப் பார்த்தாள். "ஊட்டா ஆய்தா?" என்று தினமும் சாப்பாட்டை விசாரிப்பவள், அன்று எதுவும் கேட்காமல் தன் மணிக்கட்டை என் பக்கம் நீட்டினாள். தொட்டுப் பார்த்தேன். தடதடவென்று அடித்தது. அவள் ஆறுதலுக்காகத்தான் நீட்டினாள். நானோ, வால்வு கெட்ட கிழவிக்கு இவ்வளவு நாடி எதற்கு என்று நினைத்தேன்.

ஷமீம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தாள். முதல் வாரம் சாத்துக்குடி வாங்கி வந்தாள், எல்லோருக்கும் உரித்துக் கொடுத்தாள், நர்ஸிடம் கன்னடத்தில் பேசி எனக்கு ஜன்னல் பக்கப் படுக்கை கிடைக்க வழி செய்தாள். முதல் நாளிலிருந்தே அங்கிருந்த எங்கள் வீட்டாருக்கு அது தோன்றவில்லை. இரண்டாவது வாரம் வந்தவள் படுக்கை விளிம்பில் உட்கார்ந்து புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு" என்றேன்.

"புனேக்கு என்னைப் போகச் சொல்றாங்க டீ."

"போ."

"நீ வேண்டாம்னு சொன்னா..."

"சொன்னா போக மாட்டியா?"

அவள் புடவை நுனியை விட்டாள். "போவேன்" என்றாள்.

அந்த நேர்மையும் எனக்கு எரிந்தது. பொய் சொல்லியிருந்தால் அவளை வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும். பக்கத்தில் இருந்த அம்மா பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

"இவதான் இனிமே உப்புத் தொடக் கூடாதாமே. நீ எடுத்துக்கினு போம்மா. அந்த ஊர்ச் சாப்பாடு எப்படி இருக்குமோ."

முழுப் பாட்டில். என் பெயரை எழுதி ஒட்டிய காகிதம் அதன்மேல் அப்படியே இருந்தது. ஷமீம் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது முகம் வட்டமாகிவிட்டது. ஸ்டீராய்டு அப்படிச் செய்யும். பசி அடங்காது, முகத்தில் மயிர் அரும்பும், கழுத்துக்குப் பின்னால் சதை ஏறும். செல்வி கண்ணாடியைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள். நான் கேட்காமலே செய்தாள். அம்மா உப்பில்லாத களியைத் தானும் என்னோடு உட்கார்ந்து தின்றாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். இருக்காது. அப்பா ஒவ்வொரு மாதமும் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணை மட்டும் பார்த்து, "இறங்கியிருக்குதா?" என்பார். எண்பத்து நான்கு ஐம்பத்தைந்தாகி, முப்பத்து ஒன்றாகி, இருபத்து இரண்டுக்கு வந்தது.

ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். ஷமீம் கண்ணாடி அறைக்குள் இருந்தாள். வெள்ளைக் கோட்டு, கம்ப்யூட்டர் திரை, தானாக நகர்ந்து குழாயைத் தொட்டுத் தொட்டு அளக்கிற சின்னச் சிவப்பு முனை. நான் கண்ணாடிக்கு வெளியே அதே மேசையில் உட்கார்ந்தேன். அவள் வெளியே வந்து என் வட்ட முகத்தைக் கொஞ்சமும் வித்தியாசமாகப் பார்க்காமல், "மாங்கா தீர்ந்துபோச்சு. பாட்டில் கழுவி வெச்சிருக்கேன்" என்றாள்.

அடுத்த மாதம் வேங்கடேசன் சார் கூப்பிட்டார். இயந்திரத்துக்கு இரண்டாவது ஆள் தேவை, அதே மூன்று மாதப் புனே பயிற்சிக்கு ஷமீம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள், உடல்தகுதிச் சீட்டு மட்டும் கொண்டு வந்தால் போதும் என்றார்.

அன்று மதியமே மருந்தகத்துக்குப் போனேன். அழுத்தமானி அதே பலகையில் இருந்தது. ஸ்டூல் அதே இடத்தில். முனிராஜ் அண்ணன் மாற்றலாகிப் போகவில்லை; எனக்கு என்ன நோய் என்று அவரிடம் யாரும் விவரமாகச் சொல்லவுமில்லை. நான் உட்கார்ந்தேன். இடது கையைப் பலகையில் வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன்.

"நூத்திப் பத்து, எழுபது. பாத்தியா, உப்பு வேலை செஞ்சிருக்குது" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கென்று வாங்கிய கருவியில் அந்த வாரம் வலது கையில் எடுத்த அளவு நூற்று அறுபத்து நான்கு, நூறு. டாக்டர் லலிதா மூன்று மாதம் எங்கும் போகக் கூடாது, மாத்திரை குறைக்கிற சமயம், வாராவாரம் பார்க்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார். எல்லாம் தெரியும். கண்ணாடி அறைக்குள் இரண்டாவது நாற்காலி போட இடம் இருப்பதும் தெரியும்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அளவு அறைக்கு வந்தேன். ஷமீம் வாங்கிப் படித்தாள்.

"எந்தக் கையில எடுத்தாரு?"

நான் இடது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அவள் சீட்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "என் சூட்கேஸை எடுத்துக்கினு போ. உன்னோடதுல ஜிப்பு சரியில்ல. அங்க குளிரும், ஸ்வெட்டரும் தர்றேன்" என்றாள். அவ்வளவுதான். மேலாளரிடம் போய்ச் சொல்லமாட்டாள். ஒருபோதும் சொல்லமாட்டாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் தெரிந்துவைத்திருக்கிற ஒன்றின் மேல் நான் உட்கார வேண்டும். அந்த அறையில் நான் போடுகிற ஒவ்வொரு கையெழுத்தும், அவள் வாயைத் திறக்காமல் இருப்பதால் செல்லுபடியாகும் கையெழுத்தாக இருக்கும். என்னைவிட எல்லாவற்றிலும் ஒரு படி மேலே இருந்தவள், இதிலும் மேலே போய்விடுவாள். நான் உயிருக்குப் பயந்து மருந்தகத்துக்குத் திரும்பிப் போனேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அவளுக்குக் கடன்படப் பிடிக்காமல்தான் திரும்பிப் போனேன்.

மருந்தகத்தில் முனிராஜ் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலைத் தூக்கி, பலகைக்கு மறுபக்கம், பீரோவை முதுகால் தள்ளிக்கொண்டு, திரும்பி உட்கார்ந்தேன். வலது கையை வைத்தேன்.

"என்னாம்மா இது, இப்பத்தானே எடுத்தோம்?"

"இன்னொரு தடவை எடுங்கண்ணா."

எடுத்தார். காதிலிருந்து குழாயைக் கழற்றி, கருவியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி எடுத்தார். பிறகு இடது கையில் எடுத்தார். அவர் முகம் மாறிக்கொண்டே போயிற்று.

"ரெண்டு கைக்கும் ரெண்டு கணக்கா? இத்தனை நாள் நான் உன்னை உப்புத் தின்னச் சொன்னேனே மா."

"நானும் தின்னேனே அண்ணா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பழைய சீட்டை அவரே கிழித்தார். புதிய சீட்டில் இரண்டு கைகளின் அளவையும் எழுதச் சொன்னேன். அடியில் 'தகுதி இல்லை' என்று எழுதும்போது அவர் கை தயங்கியது. எழுதுங்கள் என்றேன்.

இன்றைய நிலை இது. ஈ.எஸ்.ஆர். பதினெட்டு. ஸ்டீராய்டு தினம் இரண்டு மாத்திரை. வலது கையில் நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு. இடது மணிக்கட்டில் நாடி இல்லை. அறுவை சிகிச்சை தேவையா என்று அடுத்த வருடம் பார்ப்பார்கள். மருந்தகத்தில் இப்போது சக்கரம் வைத்த அழுத்தமானி இருக்கிறது, எல்லோருடைய அட்டையிலும் இரண்டு கட்டங்கள். புனேக்கு வேறொருவர் போய் வந்துவிட்டார். ஷமீம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், நான் இந்தப் பக்கம். பொறாமை குறையவில்லை. ஸ்லிப் கேஜை இரண்டு கையிலும் உறை போட்டுத்தான் எடுக்கிறேன். எல்லோரையும்போல் காத்திருந்து அளக்கிறேன்.